பையில் ஊசி இல்லை

பையில் ஊசி இல்லை என்பதுதான் டாக்டருக்கு எரிச்சலாக இருந்தது. இருந்திருந்தால் வேலை சுலபம். அதைத் தூக்கிப் பிடித்து ஒரு படம் எடுத்துக் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

பெண்கள் வார்டின் கடைசி அறை அது. அறைக்குரிய நோயாளியை ஸ்கேன் எடுக்கக் கீழே அனுப்பியிருந்தார்கள். அவளுடைய நீலத் துணிப்பை மெத்தைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. வார்டு சிஸ்டரைத்தான் முதலில் தேடச் சொன்னார் டாக்டர். சிஸ்டர் மருந்து வண்டியை நிறுத்தாமலே, "அது என் வேலை இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போனால் போகட்டும் என்று இவரே கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தேட இறங்கிவிட்டார்.

காரணமில்லாமல் சர்க்கரை இறங்கி மயங்கி விழும் நோயாளி, யாருக்கும் தெரியாமல் தனக்குத்தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாரா என்று பார்க்க, ஆள் இல்லாத நேரத்தில் பையைச் சோதிப்பது ஹார்மோன் வைத்தியத்தில் பழைய வழக்கம். பாடப் புத்தகத்தில் அதற்கு நாசூக்காக ஒரு வரி ஒதுக்கியிருப்பார்கள். செய்யும்போது நாசூக்கு ஒன்றும் இருக்காது. முடி சிக்கிய சீப்பு, இரண்டு சாக்பீஸ் துண்டு, ஏதோ ஒரு குழந்தை வரைந்து கொடுத்த யானை, உடைந்த பிஸ்கட் பொட்டலங்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பழைய துண்டைக் கிழித்து நாலாக மடித்த துணிகள் இருந்தன. சோப்பு வாசனைக்குக் கீழே இன்னொரு வாசனையும் இருந்தது. மயக்கத்தில் அவளுக்குச் சிறுநீர் போய்விடுகிறது, அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துச் சமாளிக்கிறாள் என்பது அவருக்கு உடனே புரிந்தது. துணிகளை அவசரமாகச் சுருட்டி உள்ளே திணித்தார்.

பக்கவாட்டுப் பையில் ஒரு மாத்திரை அட்டையும் இருந்தது. 'மாதிரி, விற்பனைக்கு அல்ல' என்று பின்னால் அச்சடித்த அட்டை. அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. அது அவரே கொடுத்தது. 'பரவாயில்லையே, ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்' என்று நினைத்தபடி அதை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

இவருக்கு மருத்துவமனையில் 'துப்பறிவாளர்' என்று பெயர். உடன் வேலை செய்பவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள், இவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். ஹார்மோன் டாக்டர்களில் இரண்டு வகை உண்டு. வருகிறவருக்கு மருந்தைக் கொடுத்துப் பொழுதைப் போக்குகிறவர்கள் ஒரு வகை. யாருக்கும் பிடிபடாத நோயைத் தேடிப் பிடித்து, எழுதி, பத்திரிகையில் பெயர் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. துப்பறிவாளர் எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை. கெட்டவர் என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏழை நோயாளி என்றால் இலவச மாத்திரை தேடிக் கொடுக்கிற மனிதர்தான். வந்த வினையும் அந்த நல்ல குணத்தின் வழியாகத்தான் வந்தது.

நோயாளி மழலைப் பள்ளி டீச்சர். அவளுடைய மாமியாருக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறவர், துப்பறிவாளரிடம்தான் வைத்தியம். ஒவ்வொரு முறையும் மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்து வருவது இந்த டீச்சர்தான். ஒருநாள் மாமியாரைப் பார்த்து முடித்து, வெளியே போகிற நேரத்தில் கதவருகில் நின்று, தனக்கு நாள் முழுக்க நின்று நின்று பாதம் எரிகிறது என்று கூச்சத்தோடு சொன்னாள். டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். மருந்துக் கம்பெனிக்காரர் முந்தின நாள்தான் கை நிறைய அட்டைகளை வைத்துவிட்டுப் போயிருந்தார். நரம்புக்கானது, பின்விளைவே கிடையாது சார், தண்ணீர் மாதிரி என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார்.

"இத சாப்பிடுங்கம்மா. இது மருந்தே இல்ல, சத்து மாத்திரை" என்று டாக்டர் அட்டைகளை அள்ளிக் கொடுத்தார். சீட்டும் எழுதவில்லை, காசும் வாங்கவில்லை. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பிறகு சில வாரங்களில் டீச்சர் வகுப்பில் விழ ஆரம்பித்தாள். முதல் தடவை குழந்தைகள் இதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்துக் கூடவே படுத்துக்கொண்டார்களாம். மூன்றாவது தடவை ஆம்புலன்ஸ் வந்தது. சர்க்கரை அதலபாதாளத்தில் கிடந்தது. துப்பறிவாளர் அவளை வார்டில் சேர்த்து, மயக்கம் வரும் நேரத்தில் இரத்தம் எடுத்து அனுப்பினார். இன்சுலின் எக்கச்சக்கமாக இருந்தது. நம் உடம்பு இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே ஒரு புரதத் துணுக்கும் இரத்தத்தில் வரும். ஊசி வழியாக ஏறிய இன்சுலினில் அந்தத் துணுக்கு இருக்காது. டீச்சரின் இரத்தத்தில் அந்தத் துணுக்கு, இன்சுலினோடு ஒப்பிட்டால், மிகவும் குறைவு. குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அந்த 'இல்லாமல் இல்லை'யை டாக்டர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக் குளிர்பெட்டியில் மாமியாரின் இன்சுலின் இருக்கிறது, எடுக்கிற கையும் அதே வீட்டில் இருக்கிறது. கதை கச்சிதமாகப் பொருந்தியது.

என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவளைக் கேட்காமலும் இல்லை. "மருந்து ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள். அவரும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

பையில் ஒன்றும் கிடைக்காததால் துப்பறிவாளர் நேரடியாகவே இறங்கினார். ஆலோசனை அறைக்குக் கணவரையும் மாமியாரையும் வரவழைத்தார். கணவர் பேருந்து ஓட்டுபவர், சீருடையோடு வந்து சுவரோரம் நின்றார். டாக்டர் மிகவும் பதமாகத்தான் பேசினார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை, உதவி செய்யத்தான் கேட்கிறேன், அத்தையின் இன்சுலினை நீங்கள் எடுத்தீர்களா என்று கேட்டார்.

"நான் எதுக்கு டாக்டர் அத எடுக்கணும்?" என்றாள் டீச்சர்.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. சிலருக்கு மனதில் ஒரு ஏக்கம் இருக்கும், நாலு பேர் தன்னைக் கவனிக்க வேண்டும் என்று தோன்றும், அவர்களுக்கே தெரியாமல் இப்படிச் செய்துவிடுவார்கள் என்று விளக்கினார். அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் தரையைப் பார்த்தார். மாமியார் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளோடு இருக்கலாம் என்று பள்ளிக்குத் தரவேண்டிய சான்றிதழை டாக்டர் தரவில்லை. தர மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார். மனசாட்சியாம்.

மாதா மாதம் நடக்கிற மருத்துவர் கூட்டத்தில் துப்பறிவாளர் இந்தக் கேஸைப் படம்போட்டுக் காட்டினார். தலைப்பு 'திருட்டு இன்சுலின்'. நடுவில் பூட்டுப் போட்ட குளிர்பெட்டியின் கார்ட்டூன் ஒன்றைச் செருகியிருந்தார். மாமியார் இப்போது இன்சுலினை ஒரு தகர டப்பாவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னபோது அரங்கமே சிரித்தது. அவரும் கொஞ்சம் இடைவெளி விட்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

முன்வரிசையில் பெரிய மேடம் உட்கார்ந்திருந்தார். அந்த ஊர் ஹார்மோன் டாக்டர்களில் பாதிப்பேருக்குப் பாடம் நடத்தியவர், குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை.

"ஊசின்னா அந்தத் துணுக்கு அடியோட அடங்கியிருக்கணும். உங்க பேஷண்டுக்கு அடங்கலையே" என்றார்.

டாக்டர் ஏதோ சொல்லப் பார்த்தார். மேடம் கையமர்த்திவிட்டு, இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி பார்த்தீர்களா என்று கேட்டார். சிலருக்கு அபூர்வமாக அப்படி ஒன்று உண்டாகும். அது இன்சுலினைக் கட்டிப் பிடித்து வைத்துக்கொண்டு, நினைத்த நேரத்தில் அவிழ்த்துவிடும். சர்க்கரை சடாரென்று விழும். அளந்து பார்த்தால் ஊசி போட்ட மாதிரியே இருக்கும். பார்க்கவில்லை என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

"சரி, வேற என்ன சாப்பிடறாங்க? சில மாத்திரைகளால இது வரும். நரம்புக்குன்னு குடுக்கற சத்து மாத்திரையாலகூட வரும்."

"வேற ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் துப்பறிவாளர். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நீலப் பையின் பக்கவாட்டிலிருந்து எடுத்த அட்டை அவருக்கு ஞாபகம் வந்தது. கையில் எடுத்துப் பார்த்தோம், சந்தோஷப்பட்டோம், திரும்ப வைத்தோம். அவள் மருந்து இல்லை என்று சொன்னது பொய்யும் இல்லை. மருந்தே இல்லை என்று அவளுக்குச் சொன்னதே இவர்தான்.

சொன்னதை அந்த இடத்திலேயே திருத்தியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அரங்கம் நிறைய ஆட்கள், பின்னால் திரையில் பூட்டுப் போட்ட குளிர்பெட்டி. அன்றைக்கு எடுத்த இரத்தம் ஆய்வகத்தில் சேமிப்பில் இருக்கிறது, ஆன்டிபாடி பார்த்துச் சொல்கிறேன் என்று முடித்துக்கொண்டு இறங்கினார். காது மடல் இரண்டும் கொதித்தன.

நடைவழியில் நின்று கணவருக்குப் போன் செய்தார். அந்தச் சத்து மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறார்களா என்று, ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"அது ஒண்ணைத்தான் டாக்டர் தவறாம சாப்பிடறா. நீங்க குடுத்ததாச்சே" என்றார் கணவர்.

இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், கொஞ்ச நாள் இடைவெளி விடலாம் என்றார் டாக்டர். ஏன் என்று கணவர் கேட்கவில்லை. கேட்காத மனிதரிடம் இவரும் சொல்லவில்லை.

ஆன்டிபாடி இருந்தது, ஏராளமாக. முடிவைப் பார்த்ததும் அவருக்கு முதலில் தோன்றியது என்ன என்பதைச் சொன்னால் அவருக்கே பிடிக்காது. 'இது முன்னதைவிட அபூர்வமான கேஸ்' என்று தோன்றியது. தலைப்புக்கூட மனதில் ஓடியது. அடுத்த நொடியே நாற்காலியை விட்டு எழுந்து கைகழுவப் போனார். கண்ணாடியில் முகத்தைப் பார்க்காமல் கழுவினார். பெரிய மேடத்துக்குப் போன் செய்து, மாத்திரை கொடுத்தது நான்தான், அன்றைக்குக் கூட்டத்தில் மறைத்தேன் என்று சொன்னார். மேடம், "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மாத்திரையை நிறுத்தி, வேளைக்குக் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வைத்து, மருந்தும் கொடுத்ததில் மயக்கம் படிப்படியாக விலகியது. அதுவரை காரணத்தை இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டவர், கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பள்ளிக்கான சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனார். மாடியில் இரண்டு அறை வீடு. கூடத்து மூலையில் ஒரு பாயையும் தலையணையையும் சுருட்டி வைத்திருந்தார்கள். டாக்டர் வீட்டுக்கு வந்ததே பெரிய விஷயம் என்று வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியை மாமியார் துடைத்துப் போட்டார். அதில் உட்காரவே அவருக்குக் கூசியது.

மூன்று பேரையும் வைத்துக்கொண்டு சொன்னார். ஊசி யாரும் போடவில்லை. திருட்டும் இல்லை. நான் கொடுத்த மாத்திரைதான் காரணம். டீச்சர் மருந்து இல்லை என்று சொன்னது நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை. அதை மறந்துவிட்டு அவரைத் திருடி என்று உங்கள் முன்னால் சொன்னேன், நாலு டாக்டர்கள் முன்னாலும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் ஏறி என் தப்பைச் சொல்லப்போகிறேன்.

அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. கணவர் பெருமூச்சு விட்டு, "தெரியாம நடந்ததுதானே டாக்டர்" என்றார். மாமியார் எழுந்து உள்ளே போய்த் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். இடுப்பிலிருந்து சாவியை உருவி, டப்பாவோடு சேர்த்து மருமகள் மடியில் வைத்தார். மறுபடியும் உள்ளே போனவர் அங்கிருந்து போனில் மகளை அழைத்தார். "அவ எடுக்கலையாம்டி. டாக்டர்தான் தப்பு பண்ணிட்டாராம். ஆமா, அவரே வந்து சொல்றார், கூடத்துல உக்காந்திருக்கார்" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். அடுத்து யாரோ சித்தியை அழைத்தார். சொந்தக்காரர்களில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் திருட்டுச் செய்தி போயிருந்தது என்பது அப்போதுதான் டாக்டருக்குத் தெரிந்தது.

டீச்சர் டீ போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வண்டி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கீழேயிருந்து யாரோ கூப்பிட, கணவர் இறங்கிப் போனார். அவள் சான்றிதழை ஒருமுறை படித்துவிட்டு, "பரவாயில்ல டாக்டர். நல்லது நினைச்சுத்தான குடுத்தீங்க" என்றாள். டாக்டருக்கு இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று ஒரு நிம்மதி வந்தது. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்று அவள் உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "மயக்கம் வர்றப்ப எனக்குத் தெரியாமலே நனைஞ்சிடும். அதுவும் இதனாலதானா? இனிமே வராதா?"

"இதனாலதாம்மா. இனிமே வராது."

"இவர்கிட்ட நான் சொன்னதே இல்ல. துணியெல்லாம் தனியா மறைச்சு வச்சிருந்தேன். ஆனா இவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில நான் ஸ்கேனுக்குப் போயிருந்தப்ப இவர் என் பையைக் குடைஞ்சிருக்கார், வேற யாரு அதத் தொடப்போறா. நான் மடிச்சு வச்சதெல்லாம் சுருட்டிக் கிடந்துச்சு." அவள் டப்பாவின் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்கல. அன்னிலேர்ந்து இவர் மூஞ்சியப் பாக்க முடியல டாக்டர். அசிங்கமா இருக்கு. நான் இங்க கூடத்துலதான் படுத்துக்கறேன்."

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். செய்த தப்பையெல்லாம் வரிசையாகச் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, பையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மறந்துபோய் விடவில்லை. வரும் வழியெல்லாம் எதைச் சொல்வது என்று யோசித்தபோது அதை மட்டும் தாண்டித் தாண்டித்தான் வந்தார். மாத்திரை தெரியாமல் நடந்தது. பை அப்படி இல்லை. இப்போதும் வாயை மூடிக்கொண்டு போய்விடலாம், அவளாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை. படியில் கணவரின் செருப்புச் சத்தம் ஏறி வருவது கேட்டது.

"அது அவர் இல்லம்மா" என்றார். "நான்."

அவளுக்குப் புரியவில்லை. "நீங்க எதுக்கு?"

"ஊசி இருக்கான்னு தேடினேன். உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது. அவர் பையைத் தொடவே இல்ல."

"அவர் பாக்கலையா?"

"பாக்கல."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, இரண்டும் கலந்துதான் வந்தது. அவர் பாக்கல, அவர் பாக்கல என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தாள். பிறகு கையை எடுத்தாள். எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான் பார்த்தவர் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்திருக்க வேண்டும். முகம் கழுத்துவரை சிவந்தது. எழுந்து, அவர் ஒரு வாய் மட்டும் குடித்திருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

கணவர் உள்ளே வந்தபோது டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் கிளம்பிவிட்டீர்களே, டீ குடித்தீர்களா என்று கேட்டார் அவர். குடித்தேன் என்றார் டாக்டர். கணவர் தெருவரை கூடவே இறங்கி வந்தார். வேறு யாராக இருந்தாலும் கமுக்கமாக இருந்திருப்பார்கள், நீங்கள் வீடு தேடி வந்து சொன்னீர்கள், அதற்கெல்லாம் பெரிய மனசு வேண்டும் என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நடந்தார். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். அது டீச்சர் தன் வாயால் சொல்ல வேண்டியது. அவள் மறைத்து வைத்ததை இவர் ஏற்கெனவே ஒருமுறை எடுத்து வெளியே போட்டாயிற்று.

மேலே ஜன்னல் திறந்தது.

"என்னங்க, கொஞ்சம் மேல வர்றீங்களா?" என்றாள் அவள். அவள் கண் கீழே ஒரே ஒருவரைத்தான் பார்த்தது.

கணவர் பேச்சைப் பாதியில் விட்டார். அந்தக் குரலைக் கேட்டு அவருக்கும் நாளாகியிருந்தது போலிருக்கிறது. முகமெல்லாம் மலர, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். டாக்டர் கூட நிற்கிறார் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஜன்னலும் மூடிக்கொண்டது. போய் வாருங்கள் என்று சொல்ல யாரும் இல்லாத தெருவில் டாக்டர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, அந்த வார்த்தைக்காகத்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு நடக்க ஆரம்பித்தார்.